பழைய அம்பாசடருக்கு இசுசு எஞ்சின் போட்டால் மைலேஜ் கூடுமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். அப்பா வாங்கிய 1984 மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், நான்கு கியர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. ஊர் கோபி, அதாவது கோபிசெட்டிபாளையம். வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது, பெரும்பாலும் கோவைக்கு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை திம்பம் மலைப்பாதை ஏறி மைசூருக்கு. ஒரு மெக்கானிக் 1800 சிசி ஜப்பானிய இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றினால் 14 கிடைக்கும், இரண்டு லட்சம் ஆகும் என்கிறார். இன்னொருவர் டீசல் போடச் சொல்கிறார். மூன்றாமவர் கிரவுன் பினியனை, அதாவது பின் அச்சில் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பல்சக்கர ஜோடியை, மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எது சரி?

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 8 கொடுக்கிற வண்டியில் எஞ்சினை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. நல்ல நிலையில் இருக்கிற 1500 பெட்ரோல் ஹைவேயில் நிதானமாக ஓட்டினால் 10-க்கு மேல் கொடுக்கும், கொடுத்திருக்கிறது. உங்கள் வண்டி 8 கொடுக்கிறது என்றால் எங்கேயோ பெட்ரோல் வீணாகிறது. அது எங்கே என்று தெரியாமல் இரண்டு லட்சம் செலவழித்தால், அந்தக் கோளாறில் பாதி புது எஞ்சினோடும் கூடவே வரும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் இசுசு எஞ்சினும் அதே பிரேக்கைத்தான் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த 8 எப்படி வந்தது என்பதே என் முதல் சந்தேகம். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, இருநூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி கழுத்து வரை நிரப்பிக் கணக்குப் போட்டதா, இல்லை, ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு தூரம் வந்தது என்கிற கணக்கா? அப்புறம், கிலோமீட்டர் மீட்டர் சரியாக ஓடுகிறதா? டயர் மாறியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். இந்த வண்டிக்கு வந்தது 5.90-15 டயர். அதைவிடச் சிறிய சுற்றளவுள்ள ரேடியல் போட்டிருந்தால் சக்கரம் அதிகமாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும், மைலேஜ் கூடியது மாதிரி தெரியும். நானே ஒரு தடவை டயர் மாற்றிவிட்டு அரை கிலோமீட்டர் கூடியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு ஹைவே கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கூடியதில் முக்கால்வாசி மீட்டர் செய்த வேலை. கைபேசியில் ஜிபிஎஸ் வைத்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் கிரவுன் பினியன் கணக்குக்கும் தேவைப்படும்.

இப்போது பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்ப்போம். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கும் டிரம் பிரேக், பழைய வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் துரு. ஒரு சக்கரம் சுற்றாமல் பிடித்தாலே போதும், அது தினமும் உங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓட்டி முடித்த உடனே டிரம்மின் மேல் கை வைத்துப் பார்த்தாலும் தெரியும், பிடிக்கிற சக்கரம் மட்டும் கொதிக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. நம் ஊரில் அம்பாசடர் ஹீட் ஆனால் முதலில் அதைத்தான் கழற்றி எறிவார்கள். "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்பார்கள். ரேடியேட்டர் அடைத்திருப்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும், அதைச் சுத்தம் செய்ய நேரமாகும், இதைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற வெகு நேரம் எடுக்கும், குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலையும் கழுவிவிடும். மைலேஜும் போகும், ரிங்கும் தேயும். டவுனுக்குள் சின்னச் சின்ன தூரம் ஓடுகிற வண்டிக்கு இது இன்னும் மோசம்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் எஸ்.யு. கம்பெனியுடையது என்றால் சந்தோஷப்படுங்கள், அதைவிட எளிமையான கார்புரேட்டர் கிடையாது. ஒரு பிஸ்டன், அதில் ஒரு ஊசி, ஊசி இறங்குகிற ஒரு ஜெட், அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் ஊசி உரசி உரசி ஜெட் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், அப்புறம் என்ன திருகினாலும் கலவை சரியாக நிற்காது. சோக் கேபிள் முழுதாகத் திரும்பாமல் இருந்தாலும் ஜெட் கீழேயே தொங்கிக்கொண்டு எப்போதும் பெட்ரோலை அதிகமாக விடும். சோதனை இதுதான்: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போது, பிஸ்டனை மெல்ல ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்குங்கள். வேகம் கொஞ்சம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. மேலே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, டேஷ்பாட் என்ற அந்தப் பிஸ்டன் கூட்டில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பேர் அதில் ஆயில் ஊற்ற வேண்டும் என்பதையே மறந்திருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் பிளாட்டினம் பாயிண்ட்டையும் டைமிங்கையும் எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காதது பக்கத்தில் இருக்கும் வட்டமான வேக்கும் (வெற்றிட) டப்பா. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக இருக்கும், மெதுவாக எரியும், அதனால் ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது அந்த டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் தோல். அது கிழிந்துவிட்டால் வண்டி ஓடும், இழுக்கும், ஹைவேயில் பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. கார்புரேட்டர் பக்கத்தில் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டு அசைய வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தோல் போய்விட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகும் நான்கு சிலிண்டரிலும் கம்பிரஷன் சமமாக இல்லை, எஞ்சின் ஆயில் தின்கிறது என்றால் அது வேறு கதை. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டிய எஞ்சின் அது. அப்போதுதான் "இதற்குச் செலவு செய்வதா, வேறு எஞ்சின் போடுவதா" என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

இன்னொரு விஷயம், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கலந்த எரிபொருளில் ஏறக்குறைய 6-7 சதவீதம் சக்தி குறைகிறது. அப்பா காலத்தில் 11 கொடுத்த வண்டி அதே நிலையில் இருந்தாலும் இன்று பத்தேகால் கொடுத்தால் அது வண்டியின் தவறு இல்லை. பெட்ரோல் ஹோஸ், பம்பு டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். மைலேஜுக்காக இதைச் சொல்லவில்லை, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஒழுகக் கூடாது என்பதற்காக.

சரி, கணக்குக்கு வருவோம். மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. நீங்கள் வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். 8 கொடுத்தால் 625 லிட்டர். மேலே சொன்னதையெல்லாம் செய்து பத்தரை வந்தால் 476 லிட்டர், அதாவது 149 லிட்டர் மிச்சம், நூறு ரூபாய் விலையில் வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய். இப்போது இசுசு போட்டு பத்தரையிலிருந்து 12-க்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 417 லிட்டர். இன்னும் மிச்சமாவது 59 லிட்டர்தான், ஆறாயிரம் ரூபாய்கூட இல்லை. இரண்டு லட்சம் திரும்பி வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். மெக்கானிக் சொன்ன 14-ஏ வந்தாலும் 357 லிட்டர், பத்தரையோடு ஒப்பிட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம், பதினாறு பதினேழு வருடம். ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, அலமாரி மாதிரி முகப்பு உள்ள வண்டிக்கு டவுனையும் சேர்த்து 14 என்பதை நான் நம்பவும் மாட்டேன்.

அதற்காக இசுசு மோசமான யோசனை என்று சொல்லவில்லை. காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 1817 சிசி, பழைய எஞ்சினின் ஐம்பது குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய எழுபத்தைந்து, ஐந்தாவது கியர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இதே பாடியில் இதைப் போட்டு 1800 ஐ.எஸ்.இசட் என்று விற்றார்கள் என்பதுதான் இதில் பெரிய வசதி. எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினையும் கியர் பெட்டியையும் மட்டும் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வராதீர்கள். கழிக்கப்போகிற 1800 ஒன்றை முழு வண்டியாக, பேப்பரோடு வாங்குங்கள். எஞ்சின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு), ரேடியேட்டர், கிளட்ச் சாமான்கள், சைலன்சர் குழாய், முன் டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி வெட்டி ஒட்டும்போதுதான் இரண்டு லட்சம் மூன்றாகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் போய்விடும், கியர் தரைக்கு வரும், முன் சீட்டில் மூன்று பேர் உட்காருவதும் போய்விடும். அது சிலருக்குப் பெரிய விஷயம், எனக்கும்தான்.

ஐந்தாவது கியர் ஏன் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்று சுற்றும். கிரவுன் பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, 4.5 என்று வைத்துக்கொண்டால் டாப் கியரில் எஞ்சின் 2,925 சுற்று. ஐந்தாவது கியர் 0.85 என்றால் அதே வேகத்துக்கு 2,500-க்குக் கீழே. வண்டியை நகர்த்தத் தேவையான சக்தி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினை லேசாக மிதித்து ஓட்டும்போது கார்புரேட்டரில் உள்ள தகடு பாதிக்கு மேல் மூடியிருக்கிறது, பிஸ்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்கிற மாதிரி காற்றை இழுக்கிறது, அந்தப் போராட்டத்துக்கே ஒரு பங்கு பெட்ரோல் போகிறது. சுற்றைக் குறைத்தால் தகடு இன்னும் கொஞ்சம் திறக்கும், போராட்டம் குறையும், உராய்வும் குறையும். இதெல்லாம் ஒரே வேகத்தில் நீளமாக ஓடும்போதுதான். கோபி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஐந்தாவது கியருக்கு வேலையே இல்லை.

இதே 1500 எஞ்சினின் குடும்பம், பிஎம்சி பி சீரிஸ், இங்கிலாந்தில் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் 1798 சிசியாக ஓடியது. அதில் லேகாக் ஓவர்டிரைவ் என்று ஒன்று கியர் பெட்டியோடு வரும், ஸ்விட்சைத் தட்டினால் எஞ்சின் சுற்று 18-20 சதவீதம் இறங்கும். ஓவர்டிரைவ் இல்லாதவர்கள் ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியைப் போடுகிறார்கள், அதற்கு அங்கே ரெடிமேடாக அடாப்டர் கிட் கிடைக்கும். நம் ஊரில் அந்த கிட் கிடைக்காது, லேத் பட்டறையில் அடாப்டர் தட்டு அடிக்க வேண்டும். அடிக்கலாம், கோவையில் அடிக்கத் தெரியாத ஒன்று இல்லை. ஆனால் கிராங்க் நடுவும் கியர் பெட்டி ஷாஃப்ட் நடுவும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் போல்ட் முடுக்கினால் என் கதைதான். எனக்கு அடித்துக் கொடுத்தவர் கண் அளவிலேயே "பக்கா" என்றார். மூன்று மாதத்தில் கியர் பெட்டியின் முன் பேரிங் நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பித்தது, எல்லாவற்றையும் இறக்கி மறுபடி செய்த செலவில் ஒரு நல்ல எஸ்.யு. கார்புரேட்டரும் நான்கு டயரும் வாங்கியிருக்கலாம்.

கிரவுன் பினியன் மாற்றுவது செலவு குறைந்த வழி, ஆனால் உங்கள் பாதைக்கு அது சரிப்படாது. முதலில் உங்களுடையது எவ்வளவு என்று தெரிய வேண்டும். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் அதை இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும், பலர் இங்கேதான் ஏமாறுவார்கள். திறந்து பார்க்கிற நிலை என்றால் பல்லை எண்ணி வகுத்துவிடலாம், 39-க்கு 8 என்றால் 4.875, 41-க்கு 9 என்றால் 4.56.

அந்த எண்ணைக் குறைத்தால் டாப் கியரோடு முதல் கியரும் சேர்ந்தே உயரும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஐந்து பேர், டிக்கியில் மைசூர்ப் பயணச் சாமான், ஐம்பது குதிரை, திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. லாரிக்குப் பின்னால் நின்று மறுபடி முதல் கியரில் கிளப்பும்போது கிளட்சை வேகவைத்துத்தான் கிளம்ப முடியும். சமவெளியிலேயே ஓடுகிற வண்டிக்கு இதைச் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருகிறது. 4.875-ஐ எடுத்து 4.3 போட்டால் நூறு கிலோமீட்டர் போனாலும் மீட்டர் 88 என்றுதான் காட்டும். உண்மையில் 11 கொடுக்கிற வண்டி கணக்கில் 9.7 கொடுக்கும், செலவழித்தவர் வயிறெரிந்து பழையதையே திரும்பப் போடுவார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.

டீசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1489 சிசி டீசலுக்கு 37 குதிரை, திம்பத்தில் சைக்கிள்காரர் ஹலோ சொல்லிவிட்டுப் போவார். 2.0 இசுசு டீசல் தேவலை, மைலேஜ் நிச்சயம் கூடும், ஏனென்றால் டீசலில் அந்த மூச்சுத் திணறல் தகடே கிடையாது. ஆனால் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் இன்று பத்து ரூபாய்க்குள்தான், ஆர்.சி.யில் எரிபொருளையே மாற்ற வேண்டும், சத்தமும் அதிர்வும் அந்த பாடிக்கு நல்லதில்லை. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு எதற்கு?

எந்த எஞ்சினானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது, பதிவு அதிகாரியின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னால் கேட்காதீர்கள், ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் எஃப்.சி.யிலிருந்து இன்சூரன்ஸ் வரை எல்லாம் சிக்கும். 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதியும் உண்டு. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்த வி.ஏ. வரிசை எண். உங்களுடையது 2034-இல் ஐம்பதைத் தொடும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது என்பதால் உங்களுக்கு அது வேண்டாமலே போகலாம், ஆனாலும் எஞ்சினைக் கழற்றும் முன் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாதம் பிரேக், தெர்மோஸ்டாட், ஜெட்டும் ஊசியும், வேக்கும் டப்பா, சரியான அளவில் நான்கு ரேடியல் டயர். அதன் பிறகு கோவை ரோட்டில் எண்பதைத் தாண்டாமல் ஒரு டேங்க். நூறில் போனால் காற்றைத் தள்ள மட்டும் எண்பதில் செலவாவதைப்போல இரண்டு மடங்கு சக்தி வேண்டும், எந்த எஞ்சின் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்துக்கு மேல் வந்தால் அப்படியே ஓட்டுங்கள். வராமல், கம்பிரஷனும் போயிருந்தால், அப்போது முழு 1800 வண்டி ஒன்றைத் தேடலாம். அப்படி மாற்றினால் பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக் துளை வழியாக நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, சாக்கில் சுற்றி ஒரு மரப் பலகை மேல் வையுங்கள், தரையில் வேண்டாம், ஈரம் ஏறும்.